பந்திலிருந்து 20 விநாடிப் படம் வரை: வகுப்பறைச் செயல்திட்டங்களில் கணினி அனிமேஷன்

கணினி அனிமேஷன் கற்றுக்கொடுக்கும் பல வகுப்புகளில் முதல் மாதம் மெனுக்களை விளக்குவதிலேயே போய்விடுகிறது. மாணவருக்குப் பொத்தான்கள் எல்லாம் தெரிந்திருக்கும். ஆனால் ஒரு பந்தைத் துள்ள வைக்கச் சொன்னால் அது தரையில் மோதாமல் மிதந்து இறங்கும். எந்த ஃப்ரேமில், அதாவது அசைவாகத் தெரியும் படவரிசையின் எந்தப் படத்தில், பந்து எங்கே இருக்க வேண்டும் என்று அவர் கணக்குப் பார்த்ததே இல்லை என்பதுதான் காரணம்.

கீழே உள்ள ஐந்து செயல்திட்டங்களும் அந்தக் கணக்கை மையமாக வைத்தவை. ஒவ்வொன்றிலும் புதிதாக ஒரே ஒரு விஷயம்தான் வரும். 9ஆம் வகுப்பிலிருந்து கல்லூரி முதலாண்டு வரை இதே வரிசையில் நடத்தலாம். வாரத்துக்கு 45 நிமிடப் பாடவேளை இரண்டு கிடைத்தால் 14 வாரங்கள் ஆகும்: பந்துக்கு 3, ஊசலுக்கு 2, பெட்டிக்கு 2, நடைக்கு 2, குழுப் படத்துக்கு 5.

கணினியும் ஆய்வகமும்

மென்பொருள் ப்ளெண்டர். இலவசம், தமிழ் வழி மாணவருக்கும் இணையத்தில் நிறையப் பயிற்சிக் காணொளிகள் கிடைக்கின்றன. 2025இல் முழுநீள அனிமேஷனுக்கான ஆஸ்கர் வாங்கிய படம் இதே மென்பொருளில் உருவானது. அதனால் இதில் கற்பது பின்னால் வீணாகுமோ என்று பெற்றோர் கேட்டால் தயங்காமல் பதில் சொல்லலாம்.

இங்கே சொல்லும் படிகள் 4.2 பதிப்புக்கானவை. ஆய்வகக் கணினிகள் பழையவை என்றால் முதலிலேயே ஒன்றைச் சோதித்துப் பாருங்கள். 4.0 முதல் விண்டோஸிலும் லினக்ஸிலும் ஓபன்ஜிஎல் 4.3 (திரையில் படம் வரைவதற்கான தரநிலை) இருக்கிற கிராஃபிக்ஸ் தேவை. இல்லையென்றால் மென்பொருள் திறக்கவே திறக்காது. அப்படிப்பட்ட கணினிகளில் 3.6 பதிப்பைப் போடுங்கள். இந்தப் பாடத்திட்டத்துக்கு அது தாராளமாகப் போதும். வகுப்பு முழுவதும் ஒரே பதிப்பாக இருப்பது அவசியம், ஏனென்றால் புதிய பதிப்பில் சேமித்த கோப்பு பழையதில் சரியாகத் திறக்கும் என்ற உறுதி இல்லை.

ஒரு கணினிக்கு இரண்டு பேர். ஒருவர் மவுஸைப் பிடிப்பார், மற்றவர் தாளில் ஃப்ரேம் கணக்கைப் பார்த்து எண்ணைச் சொல்வார். 15 நிமிடத்துக்கு ஒருமுறை இடம் மாற வேண்டும், இல்லாவிட்டால் வேகமாகக் கற்பவரே கடைசி வரை மவுஸை வைத்திருப்பார்.

ஒரு விதியை முதல் நாளே சொல்லிவிடுங்கள்: கடைசிச் செயல்திட்டம் வரை வண்ணம், விளக்கு, பளபளப்பு எதுவும் கிடையாது. எல்லாம் சாம்பல் நிறம். அழகான பந்து மோசமாகத் துள்ளினாலும் வகுப்பு கைதட்டிவிடும். சாம்பல் பந்துக்கு அந்தச் சலுகை கிடைக்காது. அசைவு சரியாக இருந்தால்தான் அது உயிரோடு தெரியும்.

ஃப்ரேம்களை வரிசையாகக் காட்டும் டைம்லைனில் இன்னொரு அமைப்பையும் மாற்ற வேண்டும். பிளேபேக் பட்டியலில் ஒத்திசைவை ‘ஃப்ரேம் டிராப்பிங்’ என்று வையுங்கள். மெதுவான கணினி எல்லா ஃப்ரேமையும் காட்ட முயன்றால் 24 ஃப்ரேம் ஓட ஒன்றரை விநாடி ஆகலாம். மாணவர் அதைப் பார்த்து ‘மெதுவாக இருக்கிறதே’ என்று நினைத்துக் கீஃப்ரேம்களை (பொருளின் இடத்தையோ அளவையோ நாமே பதிந்து வைக்கும் ஃப்ரேம்களை) நெருக்குவார். வேறு கணினியில் ஓட்டும்போது பந்து பறக்கும்.

செயல்திட்டம் 1: துள்ளும் பந்து

முதல் வாரம் கணினியைத் தொட வேண்டாம். ஒரு மில்லிமீட்டர் கட்டம் போட்ட கிராஃப் தாள் போதும். விழும் பொருள் சம நேர இடைவெளிகளில் கடக்கும் தூரம் 1, 3, 5, 7 என்று ஒற்றைப்படை எண்களாகக் கூடிக்கொண்டே போகும். இயற்பியல் பாடத்தில் படித்ததுதான். மேலே ஒரு புள்ளி வைத்து, அதிலிருந்து கீழ்நோக்கி 1, 4, 9, 16, 25, 36, 49, 64, 81, 100, 121, 144 மி.மீ. தூரங்களில் புள்ளி வையுங்கள். 12 ஃப்ரேமில் விழும் பந்தின் படம் இதுதான். மேலே புள்ளிகள் ஒட்டிக்கொண்டிருக்கும். கீழே கடைசி இடைவெளி மட்டும் 23 மி.மீ. இந்த நெருக்கமும் விரிவும் கண்ணில் பதிந்துவிட்டால் பின்னால், அசைவைக் கோடாகக் காட்டும் கிராஃப் எடிட்டர் பயமுறுத்தாது.

விநாடிக்கு 24 ஃப்ரேம் என்ற கணக்கில் உண்மையான உயரத்துக்கு எளிய சூத்திரம் உண்டு: விழ எடுக்கும் ஃப்ரேம்களை வர்க்கமாக்கி 120ஆல் வகுத்தால் உயரம் மீட்டரில் வரும். 12 ஃப்ரேம் என்றால் 144 ÷ 120 = 1.2 மீ. துல்லியமாகப் பார்த்தால் வகுக்கும் எண் 117.5, வகுப்புக்கு 120 போதும். மாணவர்கள் கைபேசியில் பந்தைப் படமெடுத்து ஒப்பிட விரும்பினால் ஒன்றைக் கவனிக்கச் சொல்லுங்கள். பெரும்பாலான கைபேசிகள் விநாடிக்கு 30 ஃப்ரேம் எடுக்கும், அங்கே 120க்குப் பதில் 184.

அடுத்து, ஒவ்வொரு துள்ளலிலும் எவ்வளவு உயரம் குறையும்? 254 செ.மீ. உயரத்திலிருந்து கான்கிரீட் தரையில் விடப்படும் டென்னிஸ் பந்து 135 முதல் 147 செ.மீ. வரை எழும்ப வேண்டும் என்பது விதி. அதாவது உயரம் சுமார் பாதிக்குச் சற்று மேல். நேரம் சுமார் முக்கால் பங்கு. நாமும் நேரத்தை ஏறக்குறைய முக்கால் பங்காகக் குறைத்துக்கொண்டே போகலாம்: 12, 9, 7, 5, 4, 3. இதை ஃப்ரேம் எண்ணாக எழுதினால்:

ஃப்ரேம் 1 – உச்சி, 1.20 மீ
ஃப்ரேம் 13 – தரை
ஃப்ரேம் 22 – உச்சி, 0.68 மீ
ஃப்ரேம் 31 – தரை
ஃப்ரேம் 38 – உச்சி, 0.41 மீ
ஃப்ரேம் 45 – தரை
ஃப்ரேம் 50 – உச்சி, 0.21 மீ
ஃப்ரேம் 55 – தரை
ஃப்ரேம் 59 – உச்சி, 0.13 மீ
ஃப்ரேம் 63 – தரை
ஃப்ரேம் 66 – உச்சி, 0.08 மீ
ஃப்ரேம் 69 – தரை, இனி உருளும்

இந்தத் தாளை வைத்துக்கொண்டுதான் இரண்டாம் வாரம் கணினி முன் உட்கார வேண்டும்.

ப்ளெண்டரைத் திறந்து, தானாக வரும் கனசதுரத்தை நீக்குங்கள். 0.12 மீ. ஆரமுள்ள யுவி ஸ்ஃபியர் (கோளம்) ஒன்றைச் சேர்த்து, அதன் இசட் இடத்தை, அதாவது உயரத்தை, 0.12 ஆக்குங்கள், பந்து இப்போது தரையைத் தொட்டு நிற்கும். பிறகு மூலப்புள்ளியில், அதாவது பந்தின் அடியில், ஓர் எம்ப்டி (படத்தில் தெரியாத வெற்றுப் பொருள்) சேருங்கள். முதலில் பந்தை, பிறகு ஷிஃப்ட் அழுத்தியபடி எம்ப்டியைத் தேர்ந்தெடுத்து, கன்ட்ரோல்+பி அழுத்தி ‘ஆப்ஜெக்ட்’ என்று கொடுத்தால் எம்ப்டி பந்துக்குப் பேரண்ட் ஆகிவிடும், அதாவது எம்ப்டி அசைந்தால் பந்தும் சேர்ந்து அசையும். இனி இடமாற்றமும் நசுங்கலும் எம்ப்டியில், சுழற்சி பந்தில். இந்தப் பிரிவினையைத் தவிர்த்து எல்லாவற்றையும் பந்திலேயே செய்தால், பந்து பாதி சுழன்ற நிலையில் நசுங்கும்போது பக்கவாட்டில் சாய்ந்து நசுங்கும். வகுப்பில் அதிகம் வரும் குழப்பம் இது. பந்து ஏன் கோணலாகப் போகிறது என்று மாணவருக்குப் புரியவே புரியாது.

நம்பேடில் 1ஐ அழுத்தி முன்பக்கக் காட்சிக்குப் போங்கள். நம்பேட் இல்லாத மடிக்கணினியில் ‘வியூ’ மெனுவில் ‘வியூபாயின்ட்’ வழியே போகலாம். எம்ப்டியைத் தேர்ந்து, ஃப்ரேம் 1இல் இசட் மதிப்பை 1.20 ஆக்கி, அந்தப் பெட்டியின் மேல் வலது சொடுக்கு செய்து ‘இன்சர்ட் சிங்கிள் கீஃப்ரேம்’ கொடுங்கள். வெறுமனே ஐ விசையை அழுத்தினால் இடம், சுழற்சி, அளவு மூன்றுக்கும் சேர்த்துக் கீஃப்ரேம் விழும். அது இங்கே நமக்கு எதிரி. தாளில் உள்ள எல்லா ஃப்ரேமுக்கும் இசட் மட்டும் இப்படிப் பதியுங்கள். தரைக்கு மதிப்பு 0.

இப்போது ஓட்டிப் பாருங்கள். எண்கள் சரி, ஆனாலும் பந்து பஞ்சுமெத்தையில் விழுவது போல இருக்கும். மாணவர்கள் இதைப் பார்ப்பது அவசியம். இரண்டு கீஃப்ரேம்களுக்கு இடையில் ப்ளெண்டர் தானாகவே மெதுவாகத் தொடங்கி மெதுவாக முடிக்கும். உச்சியில் அது சரி. தரையில் பந்து வேகத்தின் உச்சத்தில் இருக்க வேண்டும்.

கிராஃப் எடிட்டரில் இசட் கோட்டைத் திறந்து, தரைப் புள்ளிகளை மட்டும் தேர்ந்து, வி விசையை அழுத்தி ‘வெக்டர்’ கொடுங்கள். கோடு தரையில் கூர்மையாக மடங்கும். பெரும்பாலான பயிற்சிகள் இங்கேயே நின்றுவிடுகின்றன. ஆனால் வெக்டர் கைப்பிடி (புள்ளியிலிருந்து நீண்டு கோட்டின் வளைவைத் தீர்மானிக்கும் முனை) பக்கத்து உச்சியின் உயரத்தில் மூன்றில் ஒரு பங்கில்தான் நிற்கும்; விழும் வேகத்துக்கு அது போதாது. ஒவ்வொரு தரைப் புள்ளியின் இரண்டு கைப்பிடிகளையும் நேர் மேலே, அந்தந்தப் பக்கத்து உச்சியின் மூன்றில் இரண்டு பங்கு உயரத்துக்கு இழுங்கள். முதல் விழுகைக்கு 0.80, அடுத்த எழுச்சிக்கு 0.45. கோடு இப்போது உண்மையான பரவளையத்துக்கு மிக அருகில் வந்துவிடும். சரிபார்க்க வேண்டுமானால் கோப்பை நகலெடுத்து, டி விசையில் ‘குவாட்ராடிக்’ கொடுத்து, கன்ட்ரோல்+இ வழியே உச்சிப் புள்ளிகளுக்கு ‘ஈஸ் இன்’ (மெதுவாகத் தொடங்குவது), தரைப் புள்ளிகளுக்கு ‘ஈஸ் அவுட்’ (மெதுவாக முடிவது) வைத்து இரண்டையும் ஒப்பிடலாம். கையால் இழுத்துப் பழகிய பிறகுதான் இந்தக் குறுக்கு வழியைக் காட்ட வேண்டும்.

முன்னோக்கிய நகர்வுக்கு எக்ஸ் அச்சில் மூன்றே கீஃப்ரேம்கள்: ஃப்ரேம் 1இல் 0, ஃப்ரேம் 69இல் 2.83, ஃப்ரேம் 105இல் 3.58. முதல் பகுதிக்கு ‘லீனியர்’ (சீரான வேகம்), கடைசிப் பகுதிக்கு ‘குவாட்ராடிக்’, ‘ஈஸ் அவுட்’. பந்து விநாடிக்கு 1 மீ. வேகத்தில் வந்து, அடுத்த ஒன்றரை விநாடியில் 0.75 மீ. உருண்டு நிற்கும், இணைப்பில் வேகம் உடையாது. ஒவ்வொரு துள்ளலிலும் எக்ஸ் கீஃப்ரேம் வைத்தால் பந்து தரை தொடும்போதெல்லாம் தயங்கித் தயங்கிப் போகும். இடையில் அப்படி ஏதாவது விழுந்திருந்தால் அழித்துவிடுங்கள்.

0.12 மீ. ஆரப் பந்தின் சுற்றளவு 0.75 மீ. ஆகவே 69 முதல் 105 வரை பந்து சரியாக ஒரு சுற்று, ஒய் அச்சில் 360 பாகை, சுழல வேண்டும், அதே ‘ஈஸ் அவுட்’டோடு. சாம்பல் பந்தில் சுழற்சி தெரியாது என்பதால் இங்கே மட்டும் விதியைத் தளர்த்தி, நடுவில் ஒரு பட்டைக்கு வேறு நிறம் கொடுக்கலாம்.

நசுங்கலைக் கடைசியில் சேருங்கள். எம்ப்டியின் இசட் அளவைக் குறைத்தால் மற்ற இரண்டையும் கூட்ட வேண்டும், இல்லாவிட்டால் பந்தின் கன அளவே குறைந்தது போலத் தெரியும். கணக்கு: 1ஐ இசட் அளவின் வர்க்கமூலத்தால் வகுக்கவும். இசட் 0.8 என்றால் மற்றவை 1.12, இசட் 1.1 என்றால் 0.95. முதல் மோதலில் ஃப்ரேம் 12இல் 1.1 நீட்சி, 13இல் 0.8 நசுங்கல், 14இல் மீண்டும் நீட்சி, 17க்குள் இயல்பு நிலை. அடுத்தடுத்த மோதல்களில் பாதி பாதியாகக் குறைத்து, நான்காவதிலிருந்து விட்டுவிடுங்கள்.

மூன்றாம் வாரம் ஒவ்வொரு இணையும் வேறு பந்தைச் செய்யட்டும். மேசைப்பந்து மேடையில் 30 செ.மீ. உயரத்திலிருந்து விட்ட பந்து சுமார் 23 செ.மீ. எழும்ப வேண்டும் என்பது அந்த விளையாட்டின் விதி. அந்த விகிதத்தில் ஃப்ரேம்களை அவர்களே கணக்கிட வேண்டும். இரும்புக் குண்டு, தண்ணீர் நிரப்பிய பலூன், ஓரம் கிழிந்த கால்பந்து என்று எதையும் கொடுக்கலாம். பெயர் சொல்லாமல் திரையிட்டு, என்ன பந்து என்று மற்றவர்கள் ஊகிக்கச் சொல்வதுதான் இதற்கான மதிப்பீடு.

செயல்திட்டம் 2: ஊசலும் வாலும்

புதிய விஷயம் இரண்டு: திரும்பத் திரும்ப ஓடும் அசைவு, ஒன்றைத் தொடர்ந்து இன்னொன்று தாமதமாக அசைவது. இரண்டும் ஒரே கோப்பில் முடிந்துவிடுவதால் இவற்றை ஒன்றாகவே எண்ணலாம்.

1 மீ. நீள ஊசல் ஒருமுறை போய்வர 2 விநாடி, அதாவது 48 ஃப்ரேம். 25 செ.மீ. ஊசலுக்கு 24 ஃப்ரேம். நீளம் நான்கில் ஒரு பங்கானால் நேரம் பாதி. தொங்கும் இடத்தில் எம்ப்டியை வைத்து, 1 மீ. கீழே ஒரு பந்தை அதற்குப் பிள்ளையாக்குங்கள். ஒய் சுழற்சி ஃப்ரேம் 1இல் 30 பாகை, 25இல் –30, 49இல் மறுபடி 30. கிராஃப் எடிட்டரில் ஷிஃப்ட்+இ அழுத்தி ‘மேக் சைக்ளிக்’ கொடுத்தால் அசைவு முடிவில்லாமல் ஓடும்.

கடைசி ஃப்ரேமை 48 என்று வைக்க வேண்டும், 49 என்று வைக்கக் கூடாது. 49ஆம் ஃப்ரேமும் 1ஆம் ஃப்ரேமும் ஒன்றே. இரண்டையும் காட்டினால் ஒவ்வொரு சுற்றிலும் ஊசல் ஒரு நொடிப்பொழுது இடறும். நடைச் சுழற்சியிலும் இதே தவறுதான் வரும்.

பிறகு வால். மூன்று கட்டைகளைச் சங்கிலியாக, ஒன்றுக்கு ஒன்று பிள்ளையாகக் கோத்து, ஒவ்வொன்றுக்கும் 20 பாகை ஊசலாட்டம் கொடுங்கள். மூன்றும் ஒரே நேரத்தில் அசைந்தால் வளைந்த குச்சி மாதிரி இருக்கும். கீஃப்ரேம்களைப் பட்டியலாகக் காட்டும் டோப் ஷீட்டில் இரண்டாவது கட்டையின் கீஃப்ரேம்களை 4 ஃப்ரேமும் மூன்றாவதன் கீஃப்ரேம்களை 8 ஃப்ரேமும் தள்ளி வையுங்கள்: தேர்ந்து, ஜி, 4, என்டர். அவ்வளவுதான், வால் உயிர் பெறும். தாமதம் 2க்குக் கீழே போனால் விறைப்பு. 6ஐத் தாண்டினால் புழு நெளிவது போல ஆகும். எந்த எண்ணில் பூனையின் வால், எந்த எண்ணில் மாட்டின் வால் என்று மாணவர்களே தேடட்டும்.

செயல்திட்டம் 3: குதிக்கும் பெட்டி

முகமில்லாத ஒரு கனசதுரம், 40 செ.மீ. பக்கம். எடிட் முறையில் எல்லாவற்றையும் தேர்ந்து 0.2 மேலே நகர்த்தினால் அதன் மையப்புள்ளி அடிக்கு வந்துவிடும். நசுங்கும்போது தரையை விட்டு எழாது. இந்தப் பெட்டி ஒரு தடையைப் பார்க்க வேண்டும், யோசிக்க வேண்டும், தாண்ட வேண்டும்.

குதிப்பு மட்டும் இப்படி: ஃப்ரேம் 10 முதல் 18 வரை குனிதல், இசட் அளவு 0.7, மற்றவை 1.2, 20 வரை அதே நிலையில் சிறு நிறுத்தம், 22இல் தரையை விட்டு எழும் நீட்சி, 1.2, 31இல் உச்சி, 0.68 மீ.; 40இல் கால் பதிதல்; 43இல் ஆழ்ந்த நசுங்கல், 0.75, 48இல் 1.05, 54இல் இயல்பு.

குனிதலை மாணவர்கள் 3 ஃப்ரேமில் முடிக்கப் பார்ப்பார்கள். பார்வையாளரின் கண் அதைப் பிடிப்பதற்குள் பெட்டி பறந்துவிடும். ‘ஏதோ குதித்தது’ என்று மட்டுமே தெரியும். 6 ஃப்ரேமுக்குக் குறையாமல் கொடுங்கள். இன்னொரு தவறு, ஆழ்ந்த நசுங்கலைத் தரை தொடும் ஃப்ரேமிலேயே வைப்பது. தொட்ட பிறகுதான் எடை கீழே இறங்கும், அதனால் 3 ஃப்ரேம் தள்ளி வர வேண்டும்.

இந்தச் செயல்திட்டத்தின் உண்மையான பாடம் இரண்டாவது பெட்டியில் இருக்கிறது: இதே குதிப்பைக் கனமான பெட்டிக்குச் செய்யச் சொல்லுங்கள். கிட்டத்தட்ட எல்லோரும் அது காற்றில் இருக்கும் நேரத்தை நீட்டுவார்கள். மெதுவாக விழும் பெட்டி காற்றடைத்தது போலத் தோன்றும், ஏனென்றால் எடை எதுவானாலும் விழும் வேகம் ஒன்றே. கனம் தெரிய வேண்டிய இடம் காற்றுக்கு முன்னும் பின்னும்தான். குனிய 14 ஃப்ரேம், எழும்புவது வெறும் 0.30 மீ. (6 ஃப்ரேம் மேலே, 6 கீழே), இறங்கியதும் நீண்ட நசுங்கல், மறுதுள்ளல் கிடையாது.

செயல்திட்டம் 4: நடை

ரிக், அதாவது உருவத்தை அசைக்க உள்ளே கோக்கும் எலும்புக்கூடு, செய்வது தனிக் கலை, முதல் பருவத்தில் மாணவர் தலையில் அதைக் கட்ட வேண்டாம். ஒரு உருண்டை உடலும் முழங்கால் உள்ள இரண்டு கால்களும் கொண்ட எளிய ரிக்கை ஆசிரியர் செய்து எல்லோருக்கும் ஒரே கோப்பாகக் கொடுக்கலாம். எலும்புகளின் பெயர் முடிவில் இடது வலது குறியீடு சரியாக இருக்கட்டும். அப்போதுதான் ஒரு நிலையை நகலெடுத்து கன்ட்ரோல்+ஷிஃப்ட்+வி மூலம் எதிர்ப்பக்கமாக ஒட்ட முடியும். பாதி வேலை மிச்சம்.

முதலில் வராந்தாவில் நடக்க வையுங்கள். 10 அடி வைக்க 5 விநாடி ஆனால் ஓர் அடிக்கு 12 ஃப்ரேம்; அதுதான் நமது அடிப்படை நடை. அதில் நான்கு நிலைகள்: ஃப்ரேம் 1இல் இரண்டு பாதமும் விரிந்து முன்குதிகால் தரை தொடும், 4இல் எடை முன்காலில் இறங்கி இடுப்பு மிகத் தாழும், 7இல் பின்கால் முன்காலைக் கடக்கும், 10இல் இடுப்பு மிக உயரும். 13, 16, 19, 22 இவற்றின் எதிர்ப்பக்கம். 25 என்பது மறுபடி 1. காட்டுவது 24 வரை.

நடை பழகுவோரை வாட்டுவது பாதம் வழுக்குவது. தரையில் ஊன்றிய பாதம், உடல் ஒரே இடத்தில் நிற்கும் சுழற்சியில், பின்னோக்கிச் சீரான வேகத்தில் போக வேண்டும். ஓர் அடி 0.6 மீ. என்றால் பாதம் ஃப்ரேம் 1இல் +0.3, 13இல் –0.3, ஃப்ரேமுக்கு 5 செ.மீ. இந்தப் பகுதிக்கு ‘லீனியர்’ கட்டாயம். பிறகு முழு உருவத்தையும் 24 ஃப்ரேமுக்கு 1.2 மீ. வீதம் முன்னே நகர்த்தினால் பாதம் தரையில் ஒட்டி நிற்கும். இரண்டு எண்ணும் பொருந்தாவிட்டால் எவ்வளவு திருத்தினாலும் வழுக்கும். மாணவர்கள் பாதத்தைத் திருத்தியே ஒரு வாரத்தைக் கழிப்பார்கள். நீங்கள் முதலில் கேட்க வேண்டியது அந்த இரண்டு எண்களை.

அடுத்த தொல்லை முழங்கால் வெட்டென்று நிமிர்வது. கால் முழு நீளத்துக்கு நீண்டதும் ஐகே கட்டுப்பாடு (பாதம் போகும் இடத்துக்கேற்ப முழங்காலைத் தானாக மடக்குவது) இழுத்துப் பிடிக்கும், அடுத்த ஃப்ரேமில் விடும். இடுப்பை ஒட்டுமொத்தமாக 2, 3 செ.மீ. தாழ்த்தினால் சரியாகிவிடும்.

நேரம் இருந்தால் அதே நிலைகளை அடிக்கு 16 ஃப்ரேமாக விரித்துக் களைத்த நடை, 8 ஆகச் சுருக்கி அவசர நடை என்று முயலலாம். வெறுமனே நீட்டுவது போதாது என்பதை அப்போது கண்டுகொள்வார்கள். களைத்த நடையில் இடுப்பு தாழ்ந்தே இருக்க வேண்டும், பாதம் தரையை விட்டு அதிகம் எழக் கூடாது.

செயல்திட்டம் 5: குழுப் படம்

நான்கு பேர், 20 விநாடி, ஐந்து அல்லது ஆறு ஷாட், ஒரே இடம், வசனம் இல்லை. தண்ணீர், துணி, முடி மூன்றும் தடை. நடிகர்கள் ஏற்கெனவே கையில் இருக்கிறார்கள்: பந்து, பெட்டி, வால், நடக்கும் உருண்டை. ‘பெட்டிக்குப் பந்து வேண்டும், பந்து படியில் உருண்டு போகிறது’ என்ற அளவு கதை போதும். போரும் விண்வெளியும் எழுதி வரும் குழுக்களிடம் ஃப்ரேம் கணக்கைக் கேளுங்கள், கதை தானாகச் சுருங்கும்.

முதல் வாரம், ஒட்டும் சீட்டுகளில் ஷாட்டுக்கு ஒரு படம். அவற்றைக் கைபேசியில் படமெடுத்து, ப்ளெண்டரின் வீடியோ சீக்வென்சரில் உத்தேச நீளத்துக்கு அடுக்கினால் அனிமேட்டிக் தயார். இதைப் பார்த்துப் புரியாத கதை, முழுதாகச் செய்த பிறகும் புரியாது. திருத்த வேண்டியதை இங்கேயே திருத்துங்கள். சீட்டைக் கிழித்துப் போட ஒரு நிமிடம் போதும், முடித்த ஷாட்டைத் தூக்கி எறிய யாருக்கும் மனம் வராது.

அடுத்த இரண்டு வாரம் அசைவு, ஆளுக்கு ஒன்றிரண்டு ஷாட். ஒவ்வொரு ஷாட்டும் தனிக் கோப்பு. கோப்பின் பெயரில் குழு எண், ஷாட் எண், பதிப்பு எண் மூன்றும் இருக்கட்டும். பெயரை ஆங்கில எழுத்தில், இடைவெளி இல்லாமல் வைத்தால் கணினி மாறும்போது தொல்லை வராது. ‘கடைசி’, ‘உண்மையான கடைசி’ என்று பெயர் வைக்க விடாதீர்கள். பென்டிரைவில் எடுத்துப் போகும் முன் ‘பேக் ரிசோர்சஸ்’ கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் அடுத்த கணினியில் படங்களெல்லாம் ஊதா நிறத்தில் தெரியும்.

நான்காம் வாரம் வண்ணமும் விளக்கும், அதன் பிறகு ரெண்டர், அதாவது ஒவ்வொரு ஃப்ரேமையும் கணினி முழுப் படமாக வரைவது. இங்கே கணக்குப் போடாத குழு மாட்டிக்கொள்ளும். 20 விநாடி என்பது 480 ஃப்ரேம். ஃப்ரேமுக்கு 15 விநாடி என்றால் 2 மணி நேரம். 2 நிமிடம் என்றால் 16 மணி நேரம். எனவே ப்ளெண்டரின் வேகமான ரெண்டர் முறையான ஈவீ எஞ்சின், 1280 x 720 அளவு, சாம்பிள் (ஒரு புள்ளியை எத்தனை முறை கணக்கிடுவது) 32. ஒவ்வொரு ஷாட்டிலும் ஒரு ஃப்ரேமை மட்டும் எஃப்12 அழுத்தி நேரம் பார்த்து, ஷாட்டின் நீளத்தால் பெருக்கி, கரும்பலகையில் எழுதச் சொல்லுங்கள்.

நேரடியாக எம்பி4 ஆக ரெண்டர் செய்யவே கூடாது. 400ஆவது ஃப்ரேமில் மின்சாரம் போனால் கோப்பு முழுதும் போகும். பிஎன்ஜி படங்களாக ரெண்டர் செய்தால் 399 படங்கள் பத்திரமாக இருக்கும். வெளியீட்டு அமைப்பில் ‘ஓவர்ரைட்’டை எடுத்துவிட்டு ‘பிளேஸ்ஹோல்டர்ஸ்’ஸைப் போட்டால் இன்னொரு வசதியும் உண்டு: ஒரே பகிர்வுக் கோப்புறையைப் பல கணினிகள் பார்க்கும்படி வைத்து, எல்லாவற்றிலும் ஒரே கோப்பை ரெண்டர் கொடுத்தால், ஒன்று எடுத்த ஃப்ரேமை மற்றது தொடாது. மின்தடையால் ஒரு கணினி பாதியில் நின்றால் வெறுமையான பிஎன்ஜி ஒன்று தங்கிவிடும். அளவு சுழியமாக உள்ள கோப்பைத் தேடி அழித்துவிட்டு மறுபடி ஓட்டுங்கள்.

கடைசி வாரம் ஒலி. மேசையில் பந்தைத் தட்டி, அட்டைப்பெட்டியைத் தரையில் போட்டுக் கைபேசியில் பதிவு செய்தாலே போதும். சீக்வென்சரில் ஒவ்வொரு சத்தத்தையும் தரை தொடும் ஃப்ரேமில் வையுங்கள். சத்தம் ஒரு ஃப்ரேம் பிந்தினால் யாருக்கும் தெரியாது, முந்தினால் உடனே உறுத்தும். பிஎன்ஜி படங்களையும் ஒலியையும் சேர்த்து, ஹெச்264, எம்பி4 என்று வெளியிடும்போது ஆடியோ கோடெக் இடத்தில் ‘ஏஏசி’ தேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். அது ‘நோ ஆடியோ’ என்றே இருந்தால் படம் ஊமையாக வரும், ப்ளெண்டருக்குள் ஓட்டும்போது சத்தம் கேட்பதால் திரையிடும் நாள் வரை யாரும் கவனிக்க மாட்டார்கள். வெளியிட்ட கோப்பை வேறொரு கணினியிலும் ஒரு கைபேசியிலும் ஒலியோடு ஓட்டிப் பார்த்த பிறகே சமர்ப்பிக்கச் சொல்லுங்கள்.